புழுவின் டி.என்.ஏ.வில் நேரம் எழுதியிருக்காது

கேள்வி கேட்டவர் தக்கலையில் அண்மையில்தான் வக்கீல் தொழிலுக்கு வந்தவர் என்று தெரிகிறது. அவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்தில் நாலைந்து நாள் கழித்து ஓர் உடல் கிடைக்கிறது. அதிலிருந்த புழுக்களை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பி, இன்ன ஈயின் புழு என்று அறிக்கை வாங்குகிறார்கள். ஈயைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா, டி.என்.ஏ. எதற்கு? அந்த அறிக்கையை வைத்து இறந்த நேரத்தைச் சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம்? கடைசியாக ஒரு வரி: ஃபார்மலினில் இரண்டு வருடமாகக் கிடக்கும் புழுவை இனிமேல் சோதிக்க முடியுமா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புழு யாருடைய பிள்ளை என்பது ஒன்று. ஆள் இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது மற்றொன்று. டி.என்.ஏ. பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும். இரண்டாவதற்கான பதில் புழுவின் வளர்ச்சியிலிருந்தும் அந்த இடத்து வெப்பத்திலிருந்தும் வருகிறது. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'டி.என்.ஏ. மூலம் இறந்த நேரம் கண்டுபிடிப்பு' என்று போட்டுவிடுகிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்தவனும் இல்லை. விலங்கியல் படித்து, இருபது வருடத்துக்கு மேல் ஈக்களைப் பிடித்து, வளர்த்து, பெயர் வைத்துப் பிரித்தவன். அதில் பாதிக் காலம் டி.என்.ஏ. எடுக்கும் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே ஈ விஷயத்தில் உறுதியாகப் பேசுவேன், உடலைப் பற்றிய மருத்துவக் கேள்விகளை அதற்கு உரியவர்களிடம் விட்டுவிடுவேன்.

மாணவனாக இருந்தபோது செய்த ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். குளச்சலில் வாங்கிய இரண்டு சாளையை ஒரு சிரட்டையில் வைத்து, வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி விளையில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் ஈ வந்துவிட்டது. வீட்டு ஈயைவிடப் பருமன். உடம்பு பச்சையும் நீலமுமாக மின்னியது. செங்கல் நிறத்தில் பெரிய கண்கள். செவுளின் ஓரத்தில் வாலை நுழைத்து, கொஞ்ச நேரத்தில் தேங்காய்த் துருவல் மாதிரி முட்டையைக் குவித்துவிட்டது. மறுநாள் பார்த்தால் செவுளுக்குள் எல்லாம் நெளிகிறது. இதன் பெயர் கிரைசோமியா மெகாசெபாலா. எல்லையோரம் மலையாளம் பேசும் வீடுகளில் மணியன் ஈச்ச என்று சொல்வது இந்த வகை ஈக்களைத்தான். முட்டத்திலும் குளச்சலிலும் கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். வெயில் இல்லாத நாளில் மீனைக் கெடுக்கும் ஈக்களில் இதுதான் முதல் ஆள். மனித உடலுக்கும் பெரும்பாலும் முதலில் வந்து சேருவது இதுவும் இதன் உறவுக்காரர்களும்தான்.

மூன்றாம் நாள் சிரட்டையில் புதிதாக இன்னொரு வகைப் புழு இருந்தது. முதல் வகை வழவழப்பாக வெள்ளையாக இருக்கும். இதற்கோ உடம்பு முழுக்க முள் முள்ளாகச் சதை நீட்டிக்கொண்டிருந்தது. இது கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ், வழக்கமாகக் கொஞ்சம் பிந்தி வருகிற ஈ. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு முள் புழு வழவழப்பான புழுவைச் சுற்றி வளைத்து, வாயால் குத்தி உறிஞ்சத் தொடங்கியது. ஐந்தாம் நாள் முதல் வகையில் பாதிக்கு மேல் காணோம். இந்த முள் புழுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

சரி, பெயர் தெரிவதால் என்ன லாபம்? ஒரே நீளமுள்ள இரண்டு புழுக்கள் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு இனமும் தன் வேகத்தில் வளர்கிறது. மெகாசெபாலாவுக்கு நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிய அரை நாள் முதல் ஒரு நாள். புழுவாக நாலைந்து நாள். கூட்டுப்புழுவாக ஏறக்குறைய அதே அளவு. ஆக, முட்டையிலிருந்து ஈயாக மொத்தம் பத்து நாள் பக்கம் ஆகும். சார்கோஃபேகா என்னும் சதை ஈக்கள் முட்டையே போடுவதில்லை, பொரிந்த புழுவாகவே போட்டுவிட்டுப் போகும். சதை ஈயின் புழுவை மெகாசெபாலாவின் புழு என்று எழுதிவிட்டால், நடக்கவே நடக்காத ஒரு முட்டைப் பருவத்தைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கிட்டத்தட்ட ஒரு நாள் தள்ளிப்போகும். சந்தேகப்பட்டவர் அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் இருந்தாரா இங்கே இருந்தாரா என்று வாதாடும் வழக்கில் ஒரு நாள் என்பது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கண்ணால் பார்த்துச் சொன்னால் என்ன? முழு வளர்ச்சி அடைந்த ஈ என்றால் பல இனங்களைச் சொல்லலாம். மயிர்களின் வரிசை, மூச்சுத் துளையின் நிறம், கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாம் பார்த்துப் பிரிப்போம். புழு இரண்டு முறை தோல் உரித்து மூன்று பருவங்களாக வளரும். கடைசியான மூன்றாம் பருவப் புழுவையும் பயிற்சி உள்ளவர் மைக்ராஸ்கோப்பில் வைத்து, பின்பக்கத்து மூச்சுத் துளைகளையும் வாயிலுள்ள கறுப்புக் கொக்கியையும் பார்த்துப் பெரும்பாலும் சொல்லிவிடுவார். முட்டையும், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள முதல் பருவப் புழுவும் அப்படி இல்லை. அரிசிக் குருணையில் எது எந்த வயலில் விளைந்தது என்று கேட்பது போலத்தான். சதை ஈக்களில் இன்னும் மோசம். ஆண் என்றால் பின்னுறுப்பைப் பிரித்துப் பார்த்துச் சொல்லலாம். பெண் ஈ கையில் கிடைத்தால், அனுபவசாலிகள்கூட 'ஏதோ ஒரு சார்கோஃபேகா' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். புழுவை ஈரலில் விட்டு வளர்த்து, ஈயானபிறகு பார்க்கலாம் என்பது பழைய வழி. நல்ல வழிதான், இன்றைக்கும் செய்ய வேண்டும். ஆனால் அதற்குப் புழு உயிரோடு வந்து சேர வேண்டும், பத்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும், நடுவில் பாதி செத்துப்போகும்.

டி.என்.ஏ. உள்ளே வருவது இந்த இடத்தில்தான். முட்டையோ புழுவோ கூட்டின் வெற்று ஓடோ, அதற்குள் இருக்கும் எழுத்து ஒன்றுதான். நாங்கள் பெரும்பாலும் படிப்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்னும் மரபணுவை. ஒரு செல்லுக்குள் கரு ஒன்றுதான் இருக்கும், மைட்டோகாண்ட்ரியாவோ நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் மாதிரி பழசாகி, சிதைந்துபோயிருந்தாலும் கொஞ்சமாவது தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். தடயவியலுக்கு உதவும் ஈக்களை இந்த வழியில் பிரிக்கலாம் என்று 1994இல் கனடாவில் ஸ்பெர்லிங், ஆண்டர்சன், ஹிக்கி ஆகிய மூவரும் காட்டினார்கள். 2003இல் அதே நாட்டின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழுவினர், இந்த மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியை எல்லா விலங்கினங்களுக்கும் பார்கோடு போலப் பயன்படுத்தலாம் என்றார்கள். அந்தப் பகுதியின் நீளம் பூச்சிகளில் பொதுவாக 658 எழுத்து.

வேலை நடப்பது இப்படி. ஈ என்றால் ஒரு கால் போதும், மீதி உடம்பு ஊசியில் குத்தி அப்படியே பாதுகாக்கப்படும். புழு என்றால் வால்பக்கத்திலிருந்து ஒரு துண்டு. அதை நொதி கலந்த திரவத்தில் 56 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் கரைந்திருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் அந்த ஒரு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குவோம். டி.என்.ஏ. துண்டுகளை நீளத்தின்படி பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டு, சரியான இடத்தில் ஒரே ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தால், எழுத்து வரிசையைப் படிக்க அனுப்புவோம். வந்த வரிசையை ஜென்பேங்க், போல்ட் போன்ற பொதுத் தரவுத்தளங்களில் ஒப்பிடுவோம். ஒரே இனத்துக்குள் வித்தியாசம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே, அதாவது 658இல் ஆறு எழுத்துக்குள். வேறு இனம் என்றால் பொதுவாக மூன்று சதவீதம் அல்லது அதற்கு மேல், சுமார் இருபது எழுத்து மாறியிருக்கும். 'பொதுவாக' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அது எங்கெல்லாம் பொய்க்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

என் கை சுட்ட ஒரு சம்பவம். ஆரம்ப காலத்தில் ஒரு தொகுதிப் புழுக்களை முழுசாக அரைத்து டி.என்.ஏ. எடுத்தேன். ஜெல்லில் கோடு அழகாக வந்தது. வரிசையைப் படித்துப் பார்த்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் பல இடங்களில் இரண்டு மேடு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஏதோ அழுக்குக் கலந்துவிட்டது என்று இரண்டு வாரம் எல்லாக் கரைசல்களையும் மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில்தான் உறைத்தது. அவை முள் புழுக்கள். வயிற்றுக்குள் மெகாசெபாலா இருந்திருக்கிறது! எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று பி.சி.ஆருக்குக் காட்டும் சின்ன டி.என்.ஏ. துண்டுதான் ப்ரைமர். என் ப்ரைமருக்குத் தின்றவன் யார், தின்னப்பட்டவன் யார் என்று தெரியாது, இரண்டையும் பெருக்கிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு முதல் குடலைத் தொடாமல் வால் துண்டை மட்டும் எடுப்பதுதான் வழக்கம். இதே குடல் வேறொரு வகையில் புதையலும்கூட. புழுவின் இரைப்பையில் அது தின்ற மனிதத் திசு இருக்கும், அதிலிருந்து மனித டி.என்.ஏ.வை எடுக்க முடியும். உடல் அகற்றப்பட்டு, புழு மட்டும் கிடக்கும் இடங்களில் இது உதவும். ஆனால் அது தனிச் சோதனை. ஈயின் பெயரைக் கேட்கும்போது அதைக் கலக்கக் கூடாது.

அந்த முள் புழுவிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. உடல் கிடைக்கும்போது முள் புழுக்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை ரூஃபிஃபேசீஸ் என்று சொல்லும், அது முழுக்கச் சரி. அதன் வயதை மட்டும் பார்த்து 'மூன்று நாள்' என்று எழுதினால், அதற்கு முன்னால் வந்து இதற்கே இரையாகிப்போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பெயர் சரியாக இருந்தும் முடிவு பிசகும் இடம் இது. அதனால்தான் நாங்கள் எப்போதும் 'குறைந்தது இத்தனை நேரம்' என்று எழுதுகிறோம். அறிக்கையில் 'குறைந்தது' என்ற சொல் இல்லையென்றால் அங்கேயே உங்கள் குறுக்கு விசாரணை தொடங்கலாம்.

இனி, டி.என்.ஏ.வே தடுமாறும் இடங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் காணப்படும் பச்சை ஈ லூசிலியா குப்ரினா. அதற்கு லூசிலியா செரிகேட்டா என்று குளிர்ப் பிரதேசத்து உறவு ஒன்று உண்டு. இவை கலந்து பிறந்தவை உலகின் சில பகுதிகளில் பதிவாகியுள்ளன. குப்ரினாவிலேயே ஒரு பிரிவின் மைட்டோகாண்ட்ரியா, சொந்த இனத்தைவிடச் செரிகேட்டாவோடு நெருக்கமாக இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவதால், தகப்பன் யார் என்று சி.ஓ.ஐ.க்குத் தெரியாது. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் ஐ.டி.எஸ்.2, 28எஸ் போன்ற, செல்லின் கருவிலுள்ள டி.என்.ஏ. பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் நிம்மதி. இன்னொரு கோளாறு உல்பேக்கியா என்னும் பாக்டீரியா. பூச்சியின் செல்லுக்குள் குடியிருந்து, தாய்வழியாகவே பரவும் இது, ஒரு இனத்தின் மைட்டோகாண்ட்ரியாவை இன்னொரு இனத்துக்குள் கொண்டுபோய்ப் பரப்பிவிட வழிசெய்யும். பறவைக் கூடுகளில் வாழும் புரோட்டோகாலிஃபோரா என்ற ஈக்களில் பார்கோடு பாதிக்கு மேற்பட்ட இனங்களைப் பிரிக்கத் தவறியது என்று 2007இல் வந்த ஆய்வு, இதையும் ஒரு காரணமாகக் காட்டியது. மெகாசெபாலா, ரூஃபிஃபேசீஸ் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில் எனக்கு இந்தக் கவலை கிடையாது. சதை ஈக்கள் என்றால் இரண்டு மரபணுவாவது கேட்பேன்.

மரபணுவைவிட எனக்கு அதிகச் சந்தேகம் தரவுத்தளத்தின் மேல்தான். ஜென்பேங்கில் யாரோ ஒருவர் தவறாகப் பெயரிட்ட ஈயின் வரிசையும் இருக்கும்; நம்முடையது அதோடு நூறு சதவீதம் பொருந்தினால், நாமும் நூறு சதவீதம் தவறு. ஆகவே முதலில் வரும் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு மூடக் கூடாது. முதல் இருபது பொருத்தங்களும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா, அவை எந்த நாட்டு ஈக்கள், அந்த ஈயின் உடம்பு ஏதாவது அருங்காட்சியகத்தில் ஊசியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் செய்வது இன்னும் எளிது: சம்பவம் நடந்த பகுதியிலேயே நாலைந்து பெரிய ஈக்களைப் பிடித்து, கண்ணால் பெயர் உறுதிசெய்து, அதே நாளில் அவற்றின் வரிசையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது. உள்ளூர்ச் சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் உறுதியாகிவிட்டது. இனிமேல்தான் நேரக் கணக்கு, அதில் டி.என்.ஏ.வுக்கு வேலை இல்லை. புழு வளர்வது வெப்பத்தால். ஓர் இனம் ஒரு பருவத்தை எட்ட, 10 டிகிரிக்கு மேலே 1,500 டிகிரி-மணி வெப்பம் (10ஐத் தாண்டிய டிகிரியை மணி நேரத்தால் பெருக்கிய தொகை) தேவை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இது உதாரண எண் மட்டுமே. கன்னியாகுமரிக் கடற்கரையில் சராசரி 28 டிகிரி என்றால், மணிக்கு 18 வீதம் சுமார் 83 மணி நேரம் ஆகும். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் நிழலில் மழை நாளில் 24 டிகிரி என்றால், மணிக்கு 14 வீதம் 107 மணி நேரம். ஒரே மாவட்டம், அதே ஈ, அதே அளவுப் புழு, வித்தியாசம் ஒரு முழு நாள். அதனால் வானிலை நிலையத்தின் எண்ணை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. உடல் கிடந்த இடத்தில் சில நாள் வெப்பமானி வைத்து, நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ரப்பரில் இன்னொரு சங்கதியும் உண்டு. தை, மாசியில் இலை முழுக்க உதிர்ந்து வெயில் நேராகத் தரையில் விழும். ஆனியில் நடந்த சம்பவத்துக்கு மாசியில் போய் வெப்பம் அளந்துவிட்டு வந்தால் அது வேறு தோட்டம்தான். போதாக்குறைக்கு, புழுக்கள் ஆயிரக்கணக்கில் கூடினால் அந்தக் கூட்டமே சூடாகும். சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேல்கூட ஏறும். மழை கொட்டும்போது ஈ பறக்காது, இரவில் பெரும்பாலும் முட்டையிடாது, பூட்டிய அறையிலும் போர்வையில் சுற்றிய உடலிலும் தாமதமாகத்தான் வரும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஒரு வழக்கு கெடுவது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் அல்ல, புழுவை எடுக்கும் நிமிடத்தில். பெரியது, சின்னது, உடலில் இருப்பது, பக்கத்து மண்ணுக்குள் ஊர்ந்து போனது எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். ஒரு பங்கைக் கொதிக்கிற சூட்டுக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, 80 சதவீத எத்தனாலில் வைத்தால் நீளம் அளக்கலாம், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். ஒரு பங்கை நேராக 95 சதவீத எத்தனாலில் இட்டுக் குளிரில் வைத்தால் டி.என்.ஏ.வுக்கு. மூன்றாவது பங்கை உயிரோடு வளர்க்க. நம் வழக்கத்தில் விஷப் பரிசோதனைக்கான உள்ளுறுப்பு கெட்டியான உப்புக் கரைசலில் போகும், திசுப் பரிசோதனைக்கு உரியது ஃபார்மலினில் போகும். பழக்க தோஷத்தில் புழுவும் பக்கத்தில் இருக்கிற ஃபார்மலின் பாட்டிலுக்குள் போய்விடுகிறது. உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தர நான் யார். ஆனாலும் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. மாநில அரசு அதை நடைமுறைப்படுத்த ஐந்து வருட அவகாசமும் தருகிறது. அது முழுசாக நடந்தால் பாட்டில் பிரச்சினை பாதி தீரும். அறிக்கை கையில் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை புழுவைச் சோதித்தார்கள், ஒன்றா பத்தா? எந்த மரபணு, எத்தனை எழுத்து படிக்கப்பட்டது? புழுவே போடாத வெற்றுக் குழாயையும் கூடவே ஓட்டினார்களா, அதில் கோடு வந்ததா? வெற்றுக் குழாயில் கோடு வந்திருந்தால் அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்குத்தான். இதைக் கேட்டாலே சாட்சிக் கூண்டில் நிற்பவர் உண்மையில் மேஜையில் வேலை செய்தவரா, கையெழுத்து மட்டும் போட்டவரா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக அந்த ஃபார்மலின் புழு. இரண்டு வருடம் என்றால் டி.என்.ஏ. துண்டு துண்டாக நறுங்கி, புரதத்தோடு பிணைந்து போயிருக்கும். 658 எழுத்தை ஒரே மூச்சில் படிப்பது கிட்டத்தட்ட நடக்காது. நூறு, நூற்றைம்பது எழுத்துள்ள சின்னத் துண்டுகளாகப் பெருக்கிப் பார்க்கலாம், சில வேளை கிடைக்கும், பல வேளை கிடைக்காது. அதற்குச் செலவழிப்பதற்கு முன்னால் பாட்டிலைத் திறந்து பாருங்கள். புழுக்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூன்றாம் பருவமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் டி.என்.ஏ.வே வேண்டாம், மைக்ராஸ்கோப் போதும். ஃபார்மலின் கொக்கியையும் மூச்சுத் துளையையும் ஒன்றும் செய்யாது. இன்னொன்று, சம்பவ இடத்து மண்ணையோ துணியையோ தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தால், அதில் பழுப்பு நிறத்தில் நெல்மணி அளவுக்கு வெற்று ஓடுகள் இருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். ஃபார்மலின் படாமல் காய்ந்து கிடக்கும் அந்த ஓட்டிலிருந்து டி.என்.ஏ. எடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு, பாட்டிலுக்குள் இருக்கும் புழுவைவிட அதிகம்.